உராய்வு ஹீட்டரும் மூன்று டிகிரியும்

பின்னறையிலிருந்து 'கர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்து 'டொக்'. அப்புறம் ஒன்றுமில்லை.

சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போச்சா?"

"போகலை! செட் ஆகுது!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைத்தான் இன்றைக்கு உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். 'நானே செய்வேன்' என்கிற இனம். தெருவுக்கு ஒருவர் இருப்பார்; என் பாக்கியம், எனக்கு எதிர்வீட்டிலேயே அமைந்துவிட்டார். ஒழுங்காக ஓடுகிற கடிகாரத்தைக் கண்டால் இவருக்கு மனம் கேட்காது, உள்ளே அது என்ன அவஸ்தைப்படுகிறதோ என்று திறந்து பார்ப்பார், பார்த்து உருகுவார், எல்லாவற்றையும் கழற்றி ஒரு பழைய செய்தித்தாளில் பரப்பிவைத்துத் திரும்ப மூடும்போது நாலு ஸ்க்ரூ மிஞ்சும். "கம்பெனிக்காரன் அனாவசியமா போட்டிருக்கான் சார்" என்பார். கடிகாரம் அன்றோடு நிற்கும். அவர் நிற்கமாட்டார்.

"சிம்பிள்" என்று ஒரு வேலையைப் பற்றி அவர் சொன்னால் மூன்று மாதம் ஆகும் என்று அர்த்தம். "இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி" என்றால் ஆறு மாதம். கெட்டுப்போச்சு என்று மட்டும் அவர் வாயால் வராது. எல்லாம் டெஸ்டிங்தான்.

இந்தக் குளிர்காலத்தில் அவருக்கு உதித்த யோசனை, உராய்வு ஹீட்டர்.

"ரெண்டு கையையும் தேய்ச்சுப் பாருங்க சார். சூடு வருதில்ல? அவ்வளவுதான் விஷயம். பெரிய டின்னுக்குள்ள சின்ன டின், நடுவுல எண்ணெய். மோட்டார் சின்ன டின்னைச் சுத்தவைக்கும், எண்ணெய் தேய்பட்டுச் சூடாகும், ஃபேன் அந்தச் சூட்டை ரூமுக்குள்ள தள்ளும். சிம்பிள்!"

"அதுக்கு நான் கையையே தேய்ச்சுக்கிட்டு உக்காந்துக்கறேன்" என்றாள் அவர் மனைவி.

மோட்டார் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? துணி துவைக்கும் மெஷினிலிருந்து. அதனால் அந்த அம்மாள் ஒரு மாதமாகத் துணிகளைக் கையால் கசக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் உராய்வினால் சூடு கண்ட ஒரே ஜீவன் அவள்தான். சரி, ஃபேன்? அதைச் சொல்லத்தான் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அது வீட்டில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரே ஒரு ஹீட்டருக்குள்ளே இருந்தது. சூடு தருகிற ஹீட்டரைக் கொன்று, சூடு தரப்போகிற ஹீட்டரைச் செய்தார்.

இதற்கு நடுவில் மகள் வருகிறாள் என்று போன் வந்தது. மாப்பிள்ளை வேலையாக வெளியூர் போகிறார். மூன்று மாதக் குழந்தையோடு பத்து நாள் தங்கப் போகிறாள். பேரன் அந்த வீட்டுப் படி ஏறுவது அதுதான் முதல் தடவை. தாய் பழைய புடவைகளைக் கிழித்து, துவைத்து, மடித்து, பின்னறை அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அடுக்கிவிட்டாள்; தொட்டிலையும் அங்கேயே போட்டாள்.

"ஏங்க, அந்த ரூம் சூடா இருக்கணும். குளிர்ல பச்சைக் குழந்தையை வச்சுக்கிட்டு அவ ஒரு நாள்கூடத் தங்கமாட்டா. புது ஹீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்களேன்."

"கடையிலயா?" என்றார் அவர். யாரையோ கொலை செய்யச் சொன்னதுபோல இருந்தது அந்தக் குரல்.

மகள் வந்த அன்று மதியமே டெஸ்டிங். சாட்சிக்கு நான். அவர் மனைவியின் தம்பி எலெக்ட்ரீஷியன். அவரும் தன் வண்டியில் வந்திருந்தார். கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணி செருகி, ஐந்து பெரியவர்களும் ஒரு குழந்தையும் அந்தச் சின்ன அறையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். சுவரில் தெர்மாமீட்டர் பதினான்கு டிகிரி காட்டியது. அவர் சுவிட்சைப் போட்டார். மோட்டார் அலறியது. குழந்தை அதைவிடப் பெரிதாக அலறியது.

அரை மணி நேரம் கழிந்தது.

"பதினேழு!" அவர் குரல் தழுதழுத்தது. "மூணு டிகிரி! பாத்தியாம்மா? அப்பா செஞ்சது!"

நிஜமாகவே வெதுவெதுப்பாக இருந்தது. மகளின் முகம் மலர்ந்தது. தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் கைதட்டினேன், பொய் சொல்வானேன்.

தம்பி மட்டும் குனிந்து, மெஷினுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"மாமா, பெல்ட்டு எங்க?"

"எந்த பெல்ட்டு?"

"மோட்டாரையும் டின்னையும் சேர்க்கற பெல்ட்டு. இதோ கீழ கிடக்கு. மோட்டார் சும்மா சுத்திக்கிட்டிருக்கு மாமா. டின்னு அசையவே இல்ல."

"அப்போ இந்தச் சூடு?"

"நம்ம சூடுதான். ஆறு பேரு மூச்சு விட்டுக்கிட்டிருக்கோம்ல."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலை குனிந்திருப்பார்கள். இவர் தன் டெஸ்டிங் நோட்டை எடுத்தார். "பெல்ட் இல்லாமலேயே மூணு டிகிரி" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். "பெல்ட்டு போட்டா என்ன ஆகும், யோசிச்சுப் பாரு மச்சான்!"

பெல்ட் போடப்பட்டது. டின் சுழன்றது. ஒரு நிமிடம் எல்லாம் சரியாகவே நடந்தது. இரண்டாவது நிமிடம் மெஷின் குதித்துக் குதித்துத் தொட்டிலை நோக்கி நடக்க ஆரம்பித்தது. மூன்றாவது நிமிடம் எண்ணெய் தெறித்தது. அடுக்கிவைத்த துணியெல்லாம் புள்ளி புள்ளியாயிற்று. புகை தாங்காமல் ஜன்னலைத் திறந்தோம். சேர்த்துவைத்த மூன்று டிகிரியும் ஒரே மூச்சில் வெளியே போயிற்று.

மகள் குழந்தையை இரண்டு சால்வையில் சுற்றினாள்.

"அப்பா, நான் மாமாவோட போய் அவர் வீட்டுல தங்கிக்கறேன். அங்க ஹீட்டர் இருக்கு."

"ஒரே ஒரு வேலைதாம்மா பாக்கி..."

"முடிச்சிட்டுச் சொல்லுங்கப்பா. வர்றேன்."

தாய் எண்ணெய் படாத துணிகளாகப் பொறுக்கிப் பையில் திணித்தாள். அதே பையில் தன் புடவைகள் இரண்டையும் வைத்தாள். "நானும் கிளம்பறேன். பேரனோட பத்து நாள் இருக்கணும்னுதான் ஆசைப்பட்டேன். எந்த வீட்டுலன்னு சொல்லலையே" என்றாள்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் பெல்ட்டுக்குப் பதிலாக ஒரு செயின் போட்டிருந்தால், டின்னுக்குக் கீழே நாலு ரப்பர் வைத்துத் தரையோடு இறுக்கியிருந்தால் என்று நடுவில் ஒரு கணம் யோசித்தீர்களா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். யோசித்திருந்தால், உங்கள் வீட்டில் ஓடுகிற சாமான்களை இன்றைக்கே எண்ணிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், உங்கள் மனைவியிடம்.

வாசலில் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அப்பா ஓடி வந்து நிறுத்துவார் என்று நினைத்தாளோ என்னவோ. பின்னறையிலிருந்து ஸ்பானர் தரையில் உருளும் சத்தம், அதன் பின்னால் அவர் குரல்:

"கதவைச் சாத்திட்டுப் போம்மா! சூடு வெளிய போயிடும்!"

அவள் சாத்திவிட்டுப் போனாள்.