முகமலர்ச்சித் துறை

ஏழு ஏரிகளைத் தாண்டி, வரைபடம் எழுதியவர்கள் மை தீர்ந்துபோய் விட்டுவிட்ட மூலையில் வெண்ணாவல் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் ஒரு வழக்கம். மழையோ வெயிலோ இல்லாதபோது ஒருவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தால், அன்றைக்கு அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். ஏன் என்றும் கேட்க மாட்டார்கள். எண்ணெய்க் கடைக்காரர் கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். மறுநாள் அதே ஆள் குடையை மடக்கிக்கொண்டு வந்தால் ஊர்வம்பு விட்ட இடத்திலிருந்து தொடரும். கல்யாணப் பந்தியில்கூடச் சிலர் குடைக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளைக்கு எப்படியும் குடை உண்டு என்பதால், அவர் எந்த ரகம் என்பது பெண்வீட்டாருக்கு ரொம்ப நாள் கழித்தே தெரியும்.

அரசாங்க விதைக் களஞ்சியத்தில் வேலை பார்த்த செண்பகவடிவு மாதத்தில் பாதி நாள் குடைக்காரி. விதைநெல்லை விரல்களுக்கு நடுவே உருட்டியே இது கார், இது சம்பா, இது கலப்படம் என்று சொல்லிவிடுவாள். ஆனால் சந்தை இரைச்சல் அவளுக்கு மண்டைக்குள் இடிக்கும். பேசுகிறவர் கண்ணைப் பார்த்தால் பேச்சு காதில் ஏறாது. அதனால் என்ன, குடை இருந்ததே! சந்தோஷமாக இருந்தோம் என்பதே அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு தேர்தல் வந்தது. 'எல்லா முகத்திலும் மலர்ச்சி' என்று வச்சிரநாதர் வாக்குறுதி கொடுத்தார். மலர்ச்சி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அமோகமாக வென்று தலைமை அமைச்சரானவர், முகமலர்ச்சித் துறையையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

முதல் சட்டம் குடை மேல் பாய்ந்தது. காரணமின்றி விரித்த குடை, வானிலைத் துறையின்மீது குடிமக்கள் காட்டும் அவநம்பிக்கை என்று அரசிதழ் விளக்கியது. எதிரில் வருகிற எவரையும் மூன்று எண்ணும்வரை கண்ணோடு கண் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றது இரண்டாவது. சும்மா இருக்கும்போது கைவிரல் அசையக் கூடாது என்றது மூன்றாவது. களஞ்சியத்தில் நாற்பது பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து முடிக்கவே உச்சிவேளை ஆயிற்று. நெல்லை யாரும் உருட்டிப் பார்க்கவில்லை. விதை கலந்தது. அந்த வருஷம் ஒரே வயலில் மூன்று வெவ்வேறு மாதங்களில் கதிர் வந்தது. பாதி உதிர்ந்தது, மீதி பதராயிற்று. "நம் வயல்களும் தனித்தனியே மலரத் தொடங்கிவிட்டன!" என்று வச்சிரநாதர் பெருமிதத்தோடு அறிவித்தார். கைதட்டலும் சட்டத்தில் இருந்தது.

செண்பகவடிவு கண்ணாடி முன் நின்று சிரிக்கப் பழகினாள். எங்கே தலையாட்டுவது, எங்கே "அப்படியா!" போடுவது என்று மனப்பாடம் செய்தாள். விரல்களை அசைக்க முடியாததால் அவள் கன்னத்தின் உட்சதையைக் கடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் ஈரத்துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு மூலையில் படுத்துவிடுவாள். தண்ணீர் வேண்டும் என்று சொல்லக்கூட வார்த்தை வராது. அரசாங்க வைத்தியரிடம் போனபோது, சட்டப்படி சிரித்துக்கொண்டே, "உடம்பு பூரா வலிக்குது ஐயா" என்றாள். வைத்தியர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, 'நோயாளி உற்சாகமாக இருக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கருணை ஆணை வந்தது. மலர்ச்சி உண்மையிலேயே முடியாதவர்கள் தேர்வுக்கு வந்து அதை நிரூபித்தால் விலக்குச் சீட்டு தரப்படும். சீட்டு இருந்தால் மறுபடி குடை விரிக்கலாம். செண்பகவடிவுக்கு உயிர் வந்தது. இன்று சிரிக்க மாட்டேன், கண்ணைப் பார்க்க மாட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

தேர்வாளர் உலகளந்தான், "வாங்கம்மா" என்றார். அவ்வளவுதான். அவள் முகம் தானாகவே மலர்ந்தது. கண் தானாகவே மூன்று எண்ணியது. கழற்றிவைக்கத்தான் வந்தாள், பழகிய முகம் கழன்று வர மாட்டேன் என்றது.

"சார், இது நடிப்பு சார். உள்ளுக்குள்ள உசுரு போகுது. குடை இல்லாம என்னால முடியல."

உலகளந்தான் பூரித்துப் போனார். "எவ்வளவு கோர்வையா சொல்றீங்க! முடியாதவங்க இப்படியாம்மா பேசுவாங்க?"

"பதினோரு நாள் மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன் சார்."

"தன்னடக்கம் வேற! எனக்கே உங்க அளவுக்குச் சிரிக்க வராதும்மா."

நூற்றுக்கு நூறு. சீட்டுக்குப் பதிலாக, வட்டத்திலேயே மிக இயல்பான குடிமகள் என்று அவளை விருதுக்குப் பரிந்துரைத்தார்.

விழா தலைநகரில் நடந்தது. வட்டத்துக்கு ஒருவராக நாற்பத்தாறு பேர் மேடையில் வரிசையாக நின்றார்கள். எல்லார் முகத்திலும் அப்பழுக்கில்லாத மலர்ச்சி. இத்தனை பேர் நடுவில் நான் ஒருத்திதான் போலி என்று செண்பகவடிவு கூனிக் குறுகினாள்.

வச்சிரநாதர் சைகை காட்டினார். பெருமுரசுக்காரன் கோலை ஓங்கினான். அது தோலில் படுவதற்கு முன்பே, நாற்பத்தாறு பேரும் ஒரே சமயத்தில் கண்களை இறுக மூடித் தோளைக் குறுக்கினார்கள்.

முழக்கம் அடங்கியதும் அவள் மெல்லக் கண் திறந்தாள். பக்கத்தில் நின்ற மனிதரும் அப்போதுதான் திறந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. அவள் தோளில் இடிக்காமல் அரையடி தள்ளி நின்றுகொண்டு, மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். எத்தனை வருஷத்துக்கு அப்புறம்! அவளுக்கு அழுகை முட்டியது. அழுகைக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதால் சிரித்தாள்.

மறுநாள் அரசிதழ் இப்படி எழுதியது: 'விருதாளர்கள் நாற்பத்தாறு பேரும் ஆனந்த மிகுதியால் கண் மூடினர். விலக்குச் சீட்டுக்குத் தகுதியானவர் நாற்பத்தாறு வட்டங்களிலும் ஒருவர்கூட இல்லை எனத் தேர்வில் உறுதியானதால், சீட்டு வழங்கும் அலுவலகம் இன்றுடன் மூடப்படுகிறது.'