அசையாதே காக்காவின் மூன்று ஸலாம்

கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் என்னை ஓடவைத்த மனிதர் ஒரே ஒருவர்தான். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒருவர் தயவுமில்லாமல் லொறி முதலாளி ஆனவன். பொலிஸ்கூட என்னை ஓடவைத்ததில்லை. அசையாதே காக்கா ஓடவைத்தார். காக்கா என்றால் எங்களில் அண்ணன்.

பஸாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். மாப்பிள்ளையோ கைக்குழந்தையோ, எவரானாலும் "அசையாதே!" என்பார். வாசலில் படுத்திருந்த ஆட்டிடமும் சொல்வார். ஆடு கேட்கும்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் கடற்கரை வரிசையை வழித்துப் போனது. சனமெல்லாம் ஊருக்குள் பள்ளிக்கூடத்தில் கிடந்தது. எனக்கு மூத்தவள், என் ராத்தாவும் பிள்ளைகளும் அதில்தான். உடைந்த வீடுகளின் படம் வந்தால்தான் புது வீடு என்று நிவாரண அதிகாரி சொல்லிவிட்டார். காக்காவை லொறியில் ஏற்றினேன். அவரிடம் இருந்தது கறுப்பு வெள்ளை பிலிம் சுருள் ஒன்று.

"கலர் இல்லியா காக்கா?"

"கலரெல்லாம் காத்துக் கொண்டு போயிட்டு. மிச்சத்துக்கு இது காணும்."

கரையில் ஒரு ஆள் இல்லை. ராத்தா வீட்டில் வாசல் நிலை மட்டும் நின்றது. காக்கா தொப்பியைச் சரிசெய்து, நிலைக்கு முன்னால் நின்று மூன்று முறை ஸலாம் சொன்னார். பிறகு திரும்பி நடந்தார்.

"எங்க போறீங்க?"

"மூணு தரம் சொல்லியும் பதில் இல்ல. திரும்பிப் போறதுதானே முறை?"

"சுவரே இல்ல காக்கா! ஆரு பதில் சொல்லுற?"

"சுவரில்லாட்டி ஊடில்லியா? நீ இல்லாத நேரம் உன்ட ஊட்டுக்குள்ள நான் கெமராவத் தூக்கிட்டு வந்தா உடுவியா?"

அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, ஒரு படம் இல்லை. நான் நழுவிப் போய் ஓர் இடிந்த சுவருக்குப் பின்னால் குந்தினேன். ஸலாம் வந்ததும், குரலை மாற்றி, "வஅலைக்கும் ஸலாம், உள்ள வாங்க!" என்றேன்.

காக்காவின் முகம் மலர்ந்தது. "அசையாதே!" என்று வீட்டிடம் சொல்லிவிட்டுப் படம் எடுத்தார்.

அவ்வளவுதான். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசை முழுக்க மணலில் ஓடினேன். ஒவ்வொரு வீட்டிலும் நானே வீட்டுக்காரன். கடைசியாக ராத்தா வீடு. ஒளியச் சுவரில்லை, நிலைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நின்றேன். நிலையை விட நான் இரண்டு மடங்கு அகலம்.

படங்களைக் கழுவிக் கொண்டுபோனோம். அதிகாரி புரட்டினார். "எல்லா வீட்டிலயும் ஒரே ஆள் எட்டிப் பாக்கிறாரே?"

ராத்தாவின் வீடு போச்சு என்று நினைத்தேன்.

காக்கா அசையவில்லை. "வரிசை முழுக்கச் சொந்தக்காரங்க, ஸேர். முகச்சாயல் அப்படித்தான் இரிக்கும்."

அதிகாரி என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "நான்தான் எண்டு தெரியுமா காக்கா?"

"முத ஊட்டிலயே தெரியும். ஆராவது ஒராள் 'உள்ள வாங்க' எண்டு சொல்லணும். அது காணும் எனக்கு."

அந்த வரிசையில் இப்போது கல்வீடுகள். காக்கா மையவாடி மண்ணுக்குள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் லொறியை நிறுத்தி இறங்கி மூன்று முறை ஸலாம் சொல்கிறேன். பதில் வருவதில்லை. முறைப்படி திரும்ப வேண்டும். கால்தான் அசையமாட்டேன் என்கிறது.