கொத்சு வேண்டாம்னு ரேடியோல சொன்ன கதை

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மொட்டை மாடில ஒரு டப்பாவ வைக்கணும்.

டப்பான்னா, சோப்பு டப்பா சைஸ்ல ஒரு ரேடியோ. சிம் கிடையாது, இன்டர்நெட் கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. ப்ளூடூத்ல போனோட சேத்துட்டு மெசேஜ் அடிச்சா, இது காத்துல விடும், அந்தப் பக்கம் இன்னொரு டப்பா பிடிச்சுக்கும். நடுவுல வேற யாரோட டப்பாவாவது இருந்தா, அது வாங்கி அடுத்ததுக்குத் தள்ளி விடும். மெஷ் ரேடியோன்னு பேரு. வீடியோவா பாத்து பாத்து ஆசை முத்திப்போய் ரெண்டு டப்பா வாங்கிட்டேன்.

என் பொண்டாட்டி விஜி திருப்பித் திருப்பிப் பாத்தா.

"இத வெச்சு என்ன பண்றது?"

"மெசேஜ் அனுப்பலாம்."

"அதுக்குத்தான் வாட்ஸ்அப் இருக்கே."

"வாட்ஸ்அப் இல்லாம போச்சுன்னா?"

"அப்பவாவது நிம்மதியா இருக்கலாம்னு பாத்தேன். அதுக்கும் ஒரு டப்பா வாங்கிட்டு வந்துட்டீங்க."

அவ கடுப்புக்குக் காரணம் டப்பா இல்ல. வீடு.

நாங்க இருக்கறது டெல்லில கோட்லா பக்கத்துல ஒரு வாடகை வீடு, தரைத்தளம். மேல வீட்டு ஓனர் கில் அங்கிள். பட்டாளத்துலேந்து ரிட்டயர் ஆன சர்தார்ஜி. மனைவி இல்ல. அவரும் ஷேருன்னு ஒரு நாயும்தான். எங்க அக்ரிமெண்ட் முடியப்போகுது. அவரோட நெஃப்யூ கல்யாணம் பண்ணிட்டு டெல்லிக்கே வரானாம், அவனுக்கு இந்த வீட்டக் குடுக்கலாமான்னு யோசிக்கிறாராம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து முடிவு சொல்றேன்னு சொல்லியிருந்தார். எங்க பொண்ணு இந்த வருஷம் பன்னெண்டாவது. பரீட்சை நேரத்துல மூட்டை கட்டிக்கிட்டு வீடு தேடறத நெனச்சாலே விஜிக்கு ராத்திரி தூக்கம் வரல.

அதனால அவ போட்ட திட்டம், கில் அங்கிளுக்கு சாயங்காலம் தோசை, ஃபில்டர் காபி. வயிறு குளுந்தா மனசு குளுரும்னு கணக்கு. என் பங்குக்கு அவ சொன்னது ஒண்ணே ஒண்ணு.

"சாயங்காலம் வரைக்கும் அவர்கிட்ட வாய குடுக்காதீங்க."

சத்தியமா குடுக்கல. மாடிச் சாவி கேக்கப் போனப்ப கூட ரெண்டே வார்த்தைதான் பேசினேன். கதவத் தொறந்தார், பக்கத்துல ஷேரு. என் கைல இருந்த டப்பாவ உத்துப் பாத்தார்.

"யே க்யா ஹை, பேட்டா?"

"ஆன்டெனா, அங்கிள். வைஃபை கா."

"அச்சா. வைஃபை கா," அப்படின்னு சாவியக் குடுத்துட்டு மீசைக்குள்ள சிரிச்சார். வயசானவரு, டெக்னாலஜி புரியல பாவம்னு நெனச்சுக்கிட்டு மேல போனேன்.

தண்ணி டேங்க் மேல நீளமா ஒரு கம்பம் நின்னுட்டு இருந்தது. உச்சியில வெள்ளையா ஒரு குச்சி. பழைய டிவி ஆன்டெனா போலன்னு நெனச்சு, என் டப்பாவ அதுலயே கயித்தால கட்டிட்டேன். செலவு மிச்சம்.

கீழ வந்து ஆப்பத் தொறந்தா, எங்க ரெண்டு டப்பாவத் தவிர இன்னொரு டப்பா பேரு தெரியுது. சிக்னல் பிரமாதம். பேரு 'ஷேரு'.

விஜி எட்டிப் பாத்தா. "யாரு அது ஷேரு?"

"யாரோ பொழுது போகாதவன். நாய் பேர வெச்சிருக்கான்."

"மேல் வீட்டு நாய் பேரும் அதுதானே?"

"விஜி, டெல்லில ரெண்டு நாய்ல ஒண்ணு ஷேருதான்."

இந்தப் பதில நான் சொன்னப்ப என் மூஞ்சில இருந்த தெளிவ நீங்க பாத்திருக்கணும்.

அடுத்தது சேனல். ஆப்ல முதல்ல வர்ற சேனல் எல்லாருக்கும் பொது. யார்கிட்ட டப்பா இருந்தாலும் அதுல வர்றத படிக்கலாம். தனியா பேசணும்னா நாமளே ஒரு சேனல் உண்டாக்கி அதுக்கு பாஸ்வேர்டு மாதிரி ஒரு சாவி போடணும். அந்த வீடியோவுல அந்த ஆளு இத அரை மணி நேரம் வெளக்கறான். நான் ஓட்டி விட்டேன்.

ஏன்னு கேளுங்க. டெல்லித் தமிழனுக்கு எதுக்குங்க சாவி? நம்ம சாவி தமிழ்தான். லிஃப்ட்ல பக்கத்துல நிக்கறவன் போட்டிருக்கற சென்ட்ட பத்தி, கடைக்காரன் முன்னாடியே அவன் தராச பத்தி, மெட்ரோல எதிர்ல உக்காந்திருக்கற அம்மாவோட லிப்ஸ்டிக் பத்தி, சிரிச்ச மூஞ்சியோட சத்தமா தமிழ்ல பேசிக்கிட்டே காலத்த ஓட்டினவங்க நாங்க. ஒருத்தன் திரும்பிப் பாத்ததில்ல.

ஆனா தமிழ் எழுத்துல அடிச்சா இந்த டப்பா மக்கர் பண்ணுது. ஒரு தமிழ் எழுத்து மூணு இங்கிலீஷ் எழுத்தோட இடத்த அடைச்சுக்கும். ரெண்டு வாக்கியத்துல இடம் காலி. அதனால தமிழையே இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறதுன்னு முடிவு பண்ணோம். இந்த இடத்த ஞாபகம் வெச்சுக்கோங்க.

விஜி இன்னொரு டப்பாவப் பையில போட்டுக்கிட்டு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கிளம்பினா. சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, காபிப் பொடி வாங்கணும்.

கொஞ்ச நேரத்துல என் போன் டிங்குன்னுச்சு. முதல் மெசேஜ். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது.

"மெட்ரோல பைய செக் பண்ணி இது என்னன்னு கேட்டான். மேரே பதி கா கிலௌனான்னு சொன்னேன். விட்டுட்டான்."

புருஷனோட பொம்மையாம். போகட்டும், மெசேஜ் வந்துச்சே! ஆப்ல பாத்தேன். நேரா வரல, அந்த ஷேரு வழியா தாவி வந்திருக்கு. யாரோ முகம் தெரியாத ஒரு மனுஷன் என் குடும்பத்துக்காகக் கூலி இல்லாம தபால் சுமக்கறான். நெஞ்சு நெகிழ்ந்து போச்சு.

அதுக்கப்புறம் நாங்க பேசினத அப்படியே போடறேன். மறைச்சு என்ன ஆகப்போகுது.

விஜி: "கத்திரிக்கா பிஞ்சா இருக்கு. கொத்சு பண்ணவா?"

நான்: "அந்தப் பெருசுக்குக் கொத்சு எதுக்கு? வேண்டாம். சட்னி போதும். அதுலயும் தேங்காய கொறச்சு பொட்டுக்கடலைய அள்ளிப் போடு. ராஜ்மா சாப்பிடற நாக்கு, என்ன தெரியப்போகுது."

விஜி: "பாவம்ங்க."

நான்: "பாவமெல்லாம் பாக்காத. முதல்ல ரெண்டு போதும்பார். அப்புறம் சோட்டா ஸா ஏக் அவுர், சின்னதா இன்னும் ஒண்ணுன்னு ஆரம்பிச்சார்னா மாவு காலி."

விஜி: "பாத்ரூம் டைல்ஸ் மேல நீல பக்கெட்ட வெச்சுடுங்க. அவர் பாத்தா கதை முடிஞ்சுது."

டைல்ஸ் உடைஞ்சது என் கைங்கரியம். டப்பா மழை தாங்குமான்னு பாக்க, ஒரு இரும்புக் கம்பில கட்டி ஷவருக்குக் கீழ நிறுத்தினேன். டப்பா தாங்கிடுச்சு. கம்பி சாஞ்சு டைல்ஸ்தான் ரெண்டா போச்சு.

நான்: "வெச்சாச்சு. இன்னொரு ஐடியா. எங்கம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், இங்க வந்து தங்கப்போறாங்க, மாடி ஏற முடியாது, அதனால கீழ் வீடுதான் வேணும்னு சொல்லிடலாம்."

விஜி: "உங்கம்மா மன்னார்குடில தினம் பிரகாரம் சுத்தறாங்க."

நான்: "மன்னார்குடில சுத்தறது இவருக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்னு சாயங்காலம் தெரிஞ்சுது.

கில் அங்கிள் நல்ல சட்டை போட்டுக்கிட்டு ஷேருவோட வந்தார். பொண்ணு டியூஷன் போயிருந்தா. நானும் விஜியும் ரெண்டு பக்கமும் நின்னு பரிமாறினோம். ரெண்டு தோசை ஆச்சு. தட்டுலேந்து நிமிந்து, என் கண்ண நேரா பாத்து, ரொம்ப நிதானமா சொன்னார்.

"சோட்டா ஸா ஏக் அவுர்."

எனக்கு சிரிப்பு முட்டிக்கிட்டு வந்தது. விஜி என் கால மிதிச்சா. அப்புறம் முட்டிக் கதைய எடுத்து விட்டா. மாதாஜி, ஆபரேஷன், டாக்டர் மாடி ஏறவே கூடாதுன்னுட்டார், கண்ணுல தண்ணி வர அளவுக்கு நடிச்சா. அவர் சட்னியத் தொட்டுக்கிட்டே "அரே, பஹுத் புரா ஹுவா" அப்படின்னு பரிதாபப்பட்டுத் தலைய ஆட்டினார்.

கை கழுவப் போறேன்னு பாத்ரூமுக்குப் போனார். உள்ள பக்கெட்ட இழுக்கற சத்தம். திரும்பவும் பக்கெட்ட இழுத்து அதே இடத்துல வெக்கற சத்தம். விஜி என்னப் பாத்தா. நான் ஃபேனப் பாத்தேன்.

வெளிய வந்தார். துண்டுல கையத் தொடச்சுக்கிட்டு உக்காந்தார்.

"ஏனுங் அம்மிணி, கொத்சு பண்ணலீங்களா?"

கோயமுத்தூர்க்காரங்க யாரோ வாசல்ல வந்திருக்காங்கன்னு நெனச்சு, நெசமாவே கதவத் திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல. அவர்தான்.

"பிஞ்சுக் கத்திரிக்காய விட்டுப்போட்டு வந்துட்டீங்களே. சட்னில பொட்டுக்கடலை ஜாஸ்திங். தேங்காயே இல்லீங்களே."

விஜி கைலேந்து தோசைக்கரண்டி கீழ விழுந்துச்சு. ஷேரு போய் மோந்து பாத்துச்சு.

"அங்கிள், உங்களுக்குத் தமிழ்..." அப்படின்னேன்.

"பட்டாளத்துல ஒயர்லெஸ்ல இருந்தனுங்க. கோயமுத்தூர்லதான் பாதி சர்வீஸ். எழுத்து படிக்க வராதுங்க. நீங்க இங்கிலீஷ் எழுத்துல அடிச்சீங்க, நல்லதாப் போச்சு." பாக்கெட்லேந்து போன எடுத்துக் காட்டினார். அதே ஆப். எங்க மெசேஜ் வரிசையா நிக்குது, பொம்மையிலேந்து பிரகாரம் வரைக்கும். "ரேடியோ இல்லாம இருக்க முடியலீங்க. ஒரு வருசமா மாடில வெச்சிருக்கேன். மெசேஜ் அனுப்பத்தான் ஆளில்ல. இன்னைக்குத்தான் வந்துச்சு."

"அப்ப அந்தக் கம்பம்..."

"என்னுதுதானுங்க. உங்க டப்பாவ அதுலயே கட்டியிருக்கீங்க. முடிச்சு சரியில்ல. மாத்திக் கட்டிப்போட்டு வந்தேன்."

பூமி பிளந்து உள்ள இழுத்துக்காதான்னு இருந்தது. கையெடுத்துக் கும்புட்டேன். "மன்னிச்சுடுங்க அங்கிள். இன்னைக்கு ஏதோ ரேடியோல வாய்க்கு வந்தத..."

"ரேடியோல மட்டுமில்லீங்க தம்பி. ஆறு வருசமா மாடிப்படில நின்னு பேசறீங்களே, அதுவுந்தான். ஒரு நாளு காலைல நான் பாடிட்டு இருந்தேன். நீங்க அம்மிணிகிட்ட, பக்கத்துல எருமைக்குப் பிரசவமான்னு கேட்டீங்க. எருமை இல்லீங்க அது. நானுதான்."

விஜி உள்ள ஓடிட்டா. சமையக்கட்டுலேந்து ஒரு சத்தம். அழறாளா சிரிக்கறாளான்னு தெரியல.

எனக்கு உண்மையாவே கேவலமா இருந்தது. ஆறு வருஷம் அந்த மனுஷனப் பத்தி வாய் ஓயாம பேசியிருக்கோம். எங்க வேலை பாத்தீங்கன்னு ஒரு தடவ அவர்கிட்ட கேட்டதில்ல. கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

"வீட்டக் காலி பண்ணிடறோம் அங்கிள்," அப்படின்னேன். வேற எத சொல்றது?

அவர் காபிய ஒரு வாய் குடிச்சார்.

"எதுக்குங்க? நெஃப்யூ வந்தா நாள் பூரா பிராப்பர்ட்டி பேச்சுத்தான் பேசுவான். எனக்குத் தமிழ் கேக்கோணும்னா உங்க மாடிப்படிதானுங்க. டிவியெல்லாம் நான் பாக்கறதில்ல. அவனுக்கு வேற வீடு பாத்துத் தரேன்னு போன வாரமே சொல்லிப்போட்டேன்."

"போன வாரமேவா?"

"ஆமாங்க. அன்னைக்கே உங்ககிட்டயும் சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் கீழ வந்தேன். அம்மிணி ஞாயித்துக்கிழமை தோசைக்கு வாங்கன்னு சொன்னாங்க. சரி, தோசை தின்னுபோட்டே சொல்லலாம்னு இருந்துட்டேன்."

விஜி முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டு வெளிய வந்தா. "அங்கிள், நாளைக்குக் கொத்சு பண்றேன்."

"பண்ணுங்க. டைல்ஸ மாத்திப் போடுங்க. அம்மாவ ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. முட்டி நல்லாருந்தா மாடில வந்து காபி குடிக்கட்டும்."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வெக்கமும் நிம்மதியும் ஒண்ணா வந்தா அப்படித்தான் ஆகும்போல. எந்திரிச்சு அவருக்கு இன்னொரு தோசை வெச்சேன். சின்னதா இல்ல, பெருசாவே.

இது நடந்து ஒரு வாரம் ஆச்சு. டைல்ஸ் மாத்தியாச்சு. கொத்சு ரெண்டு தடவ மேல போயிடுச்சு. நாங்க மாடிப்படில மரியாதையா பேசறோம், அவருக்குப் போரடிக்குதாம்.

சாவி போட்ட தனி சேனலும் வந்தாச்சு. கில் அங்கிள் உக்காந்து பொறுமையா சொல்லிக் குடுத்தார். எனக்கில்ல, விஜிக்கு. இப்ப அந்த சேனல்ல ரெண்டே பேர்தான். விஜியும் கில் அங்கிளும். நாள் பூரா டிங் டிங்குன்னு வருது, படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிக்கறா. நேத்து நானே வெக்கத்த விட்டு, எனக்கும் அந்தச் சாவியக் குடேன்னு கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு? உங்களப் பத்தித்தானே பேசறோம்," அப்படின்னுட்டா.