நாற்பதடி உயரத்தில் எடுத்த விளம்பரம்

சேகர் பொய்யன். ஊரறியத்தான் எழுதுகிறேன். அல்லிநகரத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறானே, அதே சேகர். எங்கள் உள்ளூர் கேபிளில் பன்னிரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தை எடுத்தவன் அவன். அதில் தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிற ஆள் நான். (ஆமாம், நான்தான். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.)

அப்போது எனக்குத் தேனியில் விவசாயக் கருவி விற்கும் கடையில் பில் போடுகிற வேலை. தென்னை மரம் ஏறும் கருவி புதிதாக வந்து இறங்கியிருந்தது. இரண்டு காலுக்கும் இரண்டு மிதி, மரத்தைச் சுற்றி இரண்டு கம்பி வளையம். மிதித்தால் வளையம் மரத்தை இறுக்கிப் பிடிக்கும், காலைத் தூக்கினால் நெகிழும். மாற்றி மாற்றித் தூக்கி மிதித்து ஏற வேண்டியதுதான். ஆனால் ஒருவரும் வாங்கவில்லை. வாங்க வந்தவர்கள் வளையத்தை இழுத்துப் பார்த்து, "நடு மரத்துல வழுக்குச்சுன்னா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

முதலாளி விளம்பரம் எடுக்க முடிவு செய்தார். அதுவும் ஆடி மாதத்தில். ஆடியில் கல்யாணம் கிடையாது, கல்யாண வீடியோக்காரன் சும்மா இருப்பான், பாதிக் கூலிக்கு வருவான். அந்த மாதம் எங்கள் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றில் வாழைத்தோட்டமே படுத்துவிடும் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

சேகர் கடைக்கு வந்து பாடம் நடத்தினான்.

"பழைய டிவி விளம்பரத்தைப் பாருங்கண்ணே. சோப்புக் கம்பெனிய மூடிட்டுப் போயிட்டாக, பாட்டு மட்டும் இன்னும் நம்ம வாயில நிக்குது. ஏன்? ஒரே முகம், ஒரே வரி. அப்புறம் சொல்ற காரியத்தக் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டணும். யானை ஏறுனாலும் ஒடையாதுன்னா, யானைய ஏத்திக் காட்டணும்."

"யானைக்கு எங்கப்பா போறது?" என்றார் முதலாளி.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். (அப்போது எனக்குத் தொண்ணூற்றிரண்டு கிலோ.)

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வழியில்லை. ஆனியில் எனக்கு நிச்சயம் முடிந்திருந்தது, ஆவணியில் கல்யாணம். மாமனாராகப் போகிறவருக்குத் தேவதானப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு. பெண் பார்க்கப் போன அன்று அவர் கேட்ட முதல் கேள்வியே, "மாப்ள, மரம் ஏறுவீகளா?" என்பதுதான். எனக்கு முன்னால் வந்த ஒருவரை, மாட்டைப் பார்த்து ஒதுங்கி நின்றார் என்பதற்காகவே திருப்பி அனுப்பிய மனிதர். பக்கத்தில் கவிதா நிற்கிறாள். "சின்ன வயசுலேர்ந்து ஏறுறேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். நான் அதுவரை ஏறியதில் உயரமானது கடைப் பரணுக்குப் போடுகிற ஏணி.

அந்தப் புளுகு தெரியாத முதலாளி, படம் எடுக்க மாமனார் தோப்பையே கேட்டுவிட்டார். நான் ஏறவில்லை என்றால் கல்யாணம் நின்றது. கணக்கு அவ்வளவுதான்.

மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். கடைச் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த மரத்தில் நாலடி ஏறுவேன், கீழே குதித்துவிடுவேன். மறுபடி நாலடி, மறுபடி குதி. சேகரின் கதைப்படி நான் உச்சிக்குப் போய்ச் சிரித்து, "பயமா? எனக்கா?" என்று கேட்க வேண்டும். அதோடு விளம்பரம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த ஆள் என்ன ஆனான் என்று எவனும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை, மடையன்.

படம் எடுத்த அன்று மாமனார் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். "பாத்து ஏறுங்க மாப்ள, காத்து கூடுதலா இருக்கு" என்றார். நான் கையை வீசி, "இதெல்லாம் ஒரு காத்தா மாமா" என்றேன். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

பத்தடி வரை நன்றாகத்தான் போனது. இருபதடியில் சட்டை பாய்மரம் மாதிரி உப்பியது. முப்பதடியில் மரம் ஆடுவது தெரிந்தது. தரையில் நின்று பார்த்தால் தென்னை லேசாகத் தலையசைக்கிற மாதிரி இருக்கும். மேலே நிற்பவனுக்கு அது தலையசைப்பு இல்லை. மரம் ஒரு பக்கம் போகும், அங்கேயே நின்று யோசிக்கும், அப்புறம் திரும்பி வரும். அந்த யோசிக்கிற நேரத்தில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நாற்பதடியில் கண்ணை மூடினேன். மட்டைகள் தலைக்கு மேல் பட்பட்டென்று அடித்துக்கொண்டன.

"அண்ணே, சிரிங்க" என்று கீழேயிருந்து கத்தினான் சேகர்.

பல்லைக் காட்டினேன்.

"வசனம் சொல்லுங்கண்ணே."

வாயைத் திறந்தேன். வந்த வசனம் வேறு. "எறக்கி விடுங்க! எனக்கு எறங்கத் தெரியாது! ஆத்தா, எறக்கி விடுங்க!"

இறங்க வேண்டுமானால் மிதியைக் கொஞ்சம் தூக்கி நெகிழ்த்த வேண்டும். பயந்தவன் எங்கே தூக்குவான்? மிதிப்பான். மிதிக்க மிதிக்க வளையம் இறுகியது. மரத்தில் என்னை ஆணி அடித்த மாதிரி நின்றேன். முகமெல்லாம் கண்ணீர், சளி. செத்துவிடுவேன் என்று நிஜமாகவே நினைத்தேன். அதைவிடக் கேவலம், செத்தால் மரம் ஏறத் தெரியாதவன் என்று மாமனாருக்குத் தெரிந்துவிடுமே என்றும் நினைத்தேன்.

"மரம் ஏறுற மூக்கையாவுக்கு ஆள் போயிருக்கு. வந்துக்கிட்டே இருக்காருண்ணே, தைரியமா இருங்க" என்று சேகர் திரும்பத் திரும்பச் சொன்னான். கால்மணி நேரம் சொன்னான்.

ஒருவழியாக மூக்கையா வந்தார். ஒரு கயிற்றோடு, கருவி எதுவும் இல்லாமல், பல்லி மாதிரி ஏறி என் காலடிக்கு வந்தார்.

"தம்பி, கண்ணத் தொறங்க."

"முடியாதுண்ணே, பயமா இருக்கு."

"தொறந்துக்கிட்டே பயப்படுங்க. யாரு வேணாங்குறா? இந்தக் கால எங்கிட்டக் குடுங்க. எனக்கும் வீட்ல சோலி கெடக்கு."

ஒவ்வொரு காலாகப் பிடித்து நகர்த்தி, நடை பழகும் பிள்ளையை இறக்குகிற மாதிரி இறக்கினார். தரையில் விழுந்து மண்ணைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே மாமனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாமனாரிடமிருந்து போன் வந்தது. "தேதியில மாத்தமில்ல மாப்ள. சட்டை அளவு குடுத்து விடுங்க." அவ்வளவுதான் பேசினார்.

கல்யாணம் நடந்தது. மறுவீட்டு விருந்தில் சாப்பிட உட்கார்ந்தபோது டிவியில் விளம்பரம் வந்தது. எனக்கு எழுதிய வசனத்தையே தூக்கிவிட்டான் சேகர். கதறலை மட்டும் வைத்திருந்தான். காற்று அடிக்கிறது, மரம் ஆடுகிறது, நான் "எறக்கி விடுங்க" என்று அலறுகிறேன். பின்னால் ஒரு பெண் குரல் அமைதியாகச் சொல்கிறது: "ஆடிக் காற்றே அடித்தாலும், பிடித்தால் விடாது."

ஒரே மாதத்தில் கருவி தீர்ந்துவிட்டது. அதே கேபிளில் நகைக்கடை விளம்பரம் வருகிறது, ஜவுளிக்கடைக்காரர்கள் பத்துப் பேரைப் புதுச்சட்டையில் ஆட விடுகிறார்கள். ஒன்றாவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அவர்களெல்லாம் சந்தோஷமாக இருப்பதாக நடிக்கிறார்கள். நான் நடிக்கவில்லை. தொண்ணூற்றிரண்டு கிலோ ஆள் உயிர்ப்பயத்தில் உதறுகிறான், வளையம் ஒரு விரல்கடைகூட நழுவவில்லை. அதைப் பார்த்தவனுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? விளம்பரம் உண்மை. அதை ஒத்துக்கொள்கிறேன், வயிற்றெரிச்சலோடு.

அதன் பிறகு கடமலைக்குண்டுக்குப் போனாலும் பஸ் கண்டக்டர், "அண்ணே, எறக்கி விடவா?" என்று கேட்கிறார். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர் கேட்டார். என் மகள், பத்து வயது, நான் எதற்காவது தயங்கினால் போதும், இரண்டு கையாலும் தூணைக் கட்டிக்கொண்டு, "ஆத்தா, எறக்கி விடுங்க" என்கிறாள். கவிதா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போகிறாள்.

இதற்கெல்லாம் பழகிவிட்டேன். போன மாதம் சேகர் வெட்டாத முழுப் படத்தையும் தெளிவாக்கி யூடியூபில் போட்டான். அப்போதுதான் பழைய டிவியில் தெரியாத ஒன்று தெரிந்தது. மகள்தான் விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். நான் முதல் தடவை கதறும்போதே, இடது மூலையில், வரப்பில் குந்தி உட்கார்ந்து மூக்கையா டீ குடித்துக்கொண்டிருக்கிறார். வந்துகொண்டே இருந்த மூக்கையா. அவருக்கு இன்னொரு கிளாஸ் டீயை நீட்டுகிறது ஒரு கை. மணிக்கட்டின் உள்பக்கமாகக் கடிகாரம். அப்படிக் கட்டுகிற ஆள் எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒருவர்தான்.

சேகர் பொய்யன்தான். ஆனால் தனியாகச் சொன்ன பொய் இல்லை அது.

மாமா, வருகிற தை மாதம் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. மைக் செட் உண்டு. நம் சொந்தக்காரர் அத்தனை பேரும் இருப்பார்கள். அந்த மைக்கைப் பிடித்து எனக்குப் பதில் சொல்லுங்கள். மூக்கையாவை உட்கார வைத்து இரண்டாவது டீ கொடுத்தது எதற்காக? நான் புளுகன் என்று தெரிந்த பிறகும், அந்த மரத்தில் நான் அழுததைக் கால்மணி நேரம் அண்ணாந்து பார்த்த பிறகும், எதை நம்பி எனக்குப் பெண்ணைக் கொடுத்தீர்கள்? எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்கிற வேலை வேண்டாம்.