அக்காவை நொண்டவைத்த பாட்டு

ஒரு பாட்டுக்குத் தலையாட்டுவது சுலபம். தலை ஏன் ஆடுகிறது என்று யோசிக்கத் தொடங்கினால்தான் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். எனக்குப் பிடித்துக்கொண்டது அக்காவின் கல்யாண சமயத்தில்.

அப்போது நான் ஹட்டன் டவுனில் ஒரு போட்டோ கடையில், கல்யாண வீடியோக்களுக்குப் பின்னணி இசை ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தைரியத்தில் பழைய லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு என்னை இசையமைப்பாளர் என்று அழைத்துக்கொண்டேன். (வேறு யாரும் அழைக்கவில்லை.) வரவேற்பு மண்டபத்துக்குள் பொண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வரும்போது என் பாட்டைத்தான் போடவேண்டும் என்று அடம்பிடித்தேன். அக்கா பாவம், சரியென்றாள்.

தாளத்துக்கு, வட்டவளையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் போனில் பிடித்த தப்பு மேளச் சத்தம் இருந்தது. கேட்டால் கால் தானாக ஆடும். அதன்மேல் கீபோர்டில் கார்ட் வைத்தேன். அதாவது மூன்று நான்கு கட்டைகளை ஒன்றாக அமுக்கும் சத்தம். தப்பு தனியாக நன்றாக இருந்தது. கார்டும் தனியாக நன்றாக இருந்தது. சேர்த்துப் போட்டால், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே பஸ் சீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இணையத்தில் ஒரு வாத்தியாரின் வீடியோவைப் பார்த்தேன். "கார்டைத் தாளத்தோடு ஒட்டாதீர்கள். கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள், அசைவு வரும்" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? சொல்லவில்லை. தள்ளினேன். வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. இன்னும் தள்ளினேன். கேட்டுக் கேட்டு, எது முன்னால் எது பின்னால் என்பதே மறந்துபோனது. அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டினேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"ரெண்டு பாட்டும் நல்லாத்தான் இருக்கு."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் கதவு திறந்தது. பாட்டைத் தட்டிவிட்டேன். அக்காவும் ராகலை ஊர் மாப்பிள்ளையும் கைகோத்து நடந்தார்கள். அக்காவின் கால் தப்பைப் பிடித்துக்கொண்டது. மச்சானின் கால் கார்டைப் பிடித்துக்கொண்டது. ஒருவரை ஒருவர் இழுத்தார்கள். அவருக்கு ஈடுகொடுக்க அக்கா சின்னதாக ஒரு எட்டுத் துள்ளிக் காலை மாற்றினாள். அதே நேரம் அவளுக்கு ஈடுகொடுக்க அவரும் மாற்றினார். மறுபடி துள்ளல், மறுபடி மாற்றம்.

முன்வரிசையிலிருந்த மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் அப்பாவின் பக்கம் சாய்ந்தார்.

"ஏங்க சம்மந்தி, பொண்ணுக்குக் கால்ல ஏதும் கொறையா? எங்ககிட்ட சொல்லவே இல்லியே!"

குழம்பிப்போன அப்பா, "எந்தக் காலுங்க?" என்று கேட்டுவிட்டார்.

ராகலைப் பக்கம் முழுக்க முணுமுணுப்பு. நடுவழியில் அக்கா கண்ணை உருட்டி எனக்கு ஏதோ ஜாடை காட்டினாள். சத்தம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டிவைத்தேன். (இதைவிடப் பெரிய புத்திசாலித்தனத்தை நான் பிறகு காட்டியதில்லை.)

"அந்தக் கருமத்த நிப்பாட்டுடி!" அப்பா ஓடிவந்து கத்தினார்.

நிறுத்தினேன். இருவரும் ஒழுங்காக நடந்து மேடை ஏறினார்கள். ஆனால் மாமியார் விடவில்லை. பின்னாலேயே ஏறிவிட்டார்.

"கோவிச்சுக்காதம்மா, கொஞ்சம் நடந்து காட்டு."

அக்காவின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் மச்சான் அவள் கையைப் பிடித்தார்.

"அப்ப நானும் நடக்குறேன்மா. என் காலயும் பாத்துச் சொல்லுங்க."

இருவரும் மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார்கள். நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து மண்டபமே கைதட்டியது. வீடியோ எடுத்த என் முதலாளி, "இன்னொருக்கா நடங்க!" என்றார். அக்கா சிரித்துவிட்டாள்.

"காலு நல்லாத்தானே இருக்கு. அப்ப கோளாறு எங்க?" என்றார் மாமியார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். கார்டைத் தள்ளித் தள்ளி, தப்பின் இரண்டு அடிகளுக்கு நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். அது இன்னொரு தாளமாகவே ஆகிவிட்டிருந்தது. மயிரிழை அளவு தள்ளினால் போதுமாம். மயிரிழை என்றால் எவ்வளவு என்பது இன்றுவரை எனக்குக் குழப்பம்தான்.

அக்காவின் மகன் இப்போது ராகலையில் நடை பழகுகிறான். அவன் தடுமாறித் தொப்பென்று உட்கார்ந்தால் யாரும் பதறுவதில்லை. அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல் மட்டும் வரும்:

"யாரு அது, சித்தி பாட்டப் போட்டது?"