சக்கரம் மடங்கும் விமானம்

ரிமோட் விமானப் போட்டிக்கு இன்னும் பதினேழு மணி நேரம் இருந்தது. வான்மதி விமானத்தை இயக்கும் கை ரேடியோவின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். சமையலறை மேடையில் நின்றிருந்த விமானம் மூன்று சக்கரங்களையும் வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டு தொப்பென்று விழுந்தது. ஓர் இறக்கை இட்லி மாவுக்குள்.

"மேல தள்ளினா மடங்கணும், கீழ தள்ளினா விரியணும். இது தலைகீழா பண்ணுது."

"அப்போ நீயும் தலைகீழா தள்ளிக்கோ," என்றான் அவள் கணவன் கௌசிக்.

"டென்ஷன்ல விரல் பழக்கப்படிதான் போகும். லேண்டிங்ல மடங்கிச்சுன்னா முடிஞ்சுது."

முடிந்துவிடக் கூடாது. போன வருடம், நாலு முறை கோப்பை வாங்கிய செல்வராஜ் அங்கிள், விமான க்ளப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "மடங்கற சக்கரம்லாம் உனக்கெதுக்கும்மா? சாதா சக்கரம் போட்டுக்கோ. பொண்ணுங்களுக்கு அதான் சேஃப்."

வான்மதி சிரித்துவைத்தாள். சரியான பதில் மூன்று நாள் கழித்து, பாத்திரம் தேய்க்கும்போதுதான் வந்தது.

கௌசிக் கடைக்குப் போன நேரத்தில் ரேடியோ மெனுவில் 'ரிவர்ஸ்' என்ற வரியைத் தேடி மாற்றினாள். சரியாகிவிட்டது. மாவைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவன் மூன்று எலுமிச்சம்பழங்களோடு வந்தான்.

"புது வண்டிக்குப் பூஜை போட மாட்டோமா?"

சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்தான். "நசுங்க மாட்டேங்குதே" என்று விமானத்தை இரண்டு கையாலும் அழுத்தினான். சாறு கீலுக்குள் போனது. விதை ஒன்று இடது சக்கரத்தில் மாட்டிக்கொண்டது.

அவனை ஹாலுக்கு விரட்டிவிட்டு, இடுக்கியும் ஆல்கஹாலுமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள்.

மறுநாள் மான்மவுத் ஜங்ஷன் ஊரில், க்ளப் மைதானத்தில் விதி பழையதுதான்: முறை வரும்வரை எல்லார் ரேடியோவும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். வான்மதியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேசையிலிருந்து ரேடியோவை எடுத்துக்கொண்டு ஓடுதளத்துக்கு வந்தாள். பக்கத்தில் விமானத்தைத் தூக்கி வந்த கௌசிக் குனிந்தான்.

"வானு, எலுமிச்சம்பழத்துக்குப் பரிகாரம். காலைல நீ குளிக்கறப்ப, அந்த ரிவர்ஸை நானே மாத்திட்டேன்."

"பேட்டரி போட்டுப் பாத்தியா?"

"இல்லயே. சர்ப்ரைஸ்."

"நான் நேத்தே மாத்திட்டேன், கௌசிக்."

அவன் முகம் வாடிப்போனது. இரண்டு முறை மாற்றினால் பழையபடி தலைகீழ். மைக்கில் "ஒன் மினிட்" என்றார்கள். மெனுவுக்குள் போய்வர நேரமில்லை.

"தூக்கிப் பிடி," என்றாள். பேட்டரியைச் செருகி, சுவிட்சைக் கீழே தள்ளினாள்.

சக்கரங்கள் விரிந்து நின்றன. மேலே தள்ளினாள், மடங்கின. மறுபடி கீழே, விரிந்தன.

"சரியாத்தானே இருக்கு!" என்றான்.

"இருக்கக் கூடாதே," என்றாள் எரிச்சலாக. வேதியியல் படித்தவள். காரணம் தெரியாத சரி அவளுக்குப் பிடிக்காது.

ஆனால் விமானம் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. ஓடியது, எழுந்தது, சக்கரங்களை மடக்கியது. வெயிலில் இரண்டு வட்டம் அடித்தது. இறங்கும்போது பக்கக்காற்று தள்ளியது. அவள் விரல் தானாகச் சுவிட்சுக்குப் போனது. மூன்று சக்கரங்களும் சத்தமில்லாமல் தரையைத் தொட்டன.

கோப்பை வான்மதிக்கு. செல்வராஜ் அங்கிளுக்கு இரண்டாம் இடம்.

"ரொம்ப சேஃபா இருந்துது அங்கிள்," என்றாள். இந்த முறை பதில் உடனே வந்தது. அவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார்.

கௌசிக்குக்குத்தான் மனசு ஆறவில்லை. "நீயும் மாத்தின, நானும் மாத்தினேன். அப்புறம் எப்படி வானு சரியா வந்துது?"

பக்கத்தில் மடக்கு நாற்காலியை மடித்துக்கொண்டிருந்த ஷ்யாமளா ஆன்ட்டி, கணவர் செல்வராஜ் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா? மேசைல இருந்த அவ ரேடியோல நீங்களும் ரிவர்ஸை மாத்தாம சும்மா இருந்திருந்தா, கப்பு இன்னிக்கும் நம்ம வீட்டுக்குத்தான் வந்திருக்கும்!"