பிளாஸ்டிக் குடமும் என் கிட்னியும்

இனி இந்த ஜென்மத்தில் தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை! கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸில் நின்றுகொண்டே இப்படியொரு சபதம் எடுத்தேன். உட்கார்ந்து எடுத்திருப்பேன், இடுப்பு மடங்கவில்லை.

பித்தளைக் குடம் புழங்கியவரை தெருக்குழாய் என் மனைவி தனக்கோடியின் ராஜ்ஜியம். பொங்கலுக்கு என் பேண்ட் இரண்டைப் பழசு என்று பாத்திரக்காரனிடம் போட்டு, பச்சையாக ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினாள். சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் பிளாஸ்டிக்.

"பஞ்சாட்டம் கீது பாருய்யா. இத்த நீயே தூக்கலாம்" என்றாள்.

குடமும் வந்தது, வேலையும் வந்தது. பேண்ட்தான் போனது.

அந்த பஸ்ஸில்தான் லேப் உதவியாளர் சிவப்பிரகாசம் வாயைத் திறந்தார்.

"அண்ணாத்த, பிளாஸ்டிக்கு வளையறதுக்கு ஒரு மருந்து சேக்கறானுங்க. சூடு பட்டா தண்ணியில எறங்கலாமாம். கிட்னிக்கு ஆவாதோன்னு வெளிநாட்டுல ஆராய்ச்சி நடந்துகினு கீது. இன்னும் முடிவு தெரியல."

வளைய மருந்தா? எனக்கு அதெல்லாம் வேண்டாம். தனக்கோடி பார்த்தாலே போதும்.

'எறங்கலாம்', 'தெரியல' இரண்டையும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"தனக்கோடி! பிளாஸ்டிக் குடத்துத் தண்ணி குடிச்சா கிட்னி அவுட்டு!"

அவள் முகம் மாறிவிட்டது. அவள் அண்ணன் மாயவன் போன வருஷம் கிட்னிக் கோளாறில் கால் வீங்கி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தவர். குடத்தைக் கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்தாள். நான் ஜெயித்துவிட்டேன்!

மறுநாள் விடிந்ததும் வாசலில் இரண்டு பித்தளைக் குடங்கள்.

"யாருக்கு?"

"உனக்குத்தான். மாசக்கணக்கா அந்தத் தண்ணிய மொடாமொடாவா குடிச்சவனாச்சே. நல்லா வேர்த்தா வெசம் வெளிய பூடுமாம்."

"முதுகு பூடுமேடி!"

"முதுகு ஒண்ணு. கிட்னி ரெண்டு. எத்த காப்பாத்தணும், நீயே சொல்லு."

கணக்கில் நான் அந்தக் காலத்திலிருந்தே வீக். தூக்கினேன்.

அத்தோடு விட்டாளா? எனக்கு உப்பில்லாத கஞ்சி, ஒரு செம்பு வாழைத்தண்டுச் சாறு. பிள்ளைகளுக்கு வஞ்சிரம் வறுவல். எனக்கு அதன் வாசனை மட்டும். தினமும் காலையில் என் காலடியில் உட்கார்ந்து கணுக்காலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள்.

"வீக்கம் இல்லியே?"

குடத்தைச் சுமந்துவிடலாம். அந்தப் பார்வையைச் சுமக்க முடியவில்லை. நாலாம் நாள் உடைந்துவிட்டேன்.

"தனக்கோடி... ஆராய்ச்சி நடக்குதுன்னு மட்டுந்தான் சிவப்பிரகாசம் சொன்னாரு. தண்ணி தூக்க சோம்பேறித்தனப்பட்டு மீதிய நான்தான் சேத்துகினேன். நீ பயப்படாத."

அவள் அசையவே இல்லை.

"தெரியும். மறுநாளே கொழாயாண்ட அவரு பொண்டாட்டிய கேட்டுட்டேன்."

"அப்ப கஞ்சி? வாழைத்தண்டு?"

"நீயா வாயத் தொறக்கறியான்னு பாத்தேன். கிட்னி கிட்னின்னு சொன்னா எங்கிட்ட நீ தப்பிச்சிட முடியுமா?"

"காலை வேற தெனமும் அமுக்கினியே!"

"மொத நாளு நெசமாவே பயந்துட்டேன்யா" என்றாள். குரல் சற்றே இறங்கியது. உடனே ஏறிவிட்டது. "மத்த நாளெல்லாம், பொய் சொன்னவன் மூஞ்சி எப்டி வீங்குதுன்னு பாத்தேன்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். இதுதான் சமயம் என்று மெல்ல நகர்ந்தேன்.

"அப்ப கொல்லையில கீற பிளாஸ்டிக் குடத்த எடுத்தாரட்டா?"

"வேணாம். புள்ளைங்க குடிக்கிற தண்ணி. ஆவுமா ஆவாதான்னு முடிவு தெரியட்டும். அதுவரைக்கும் பித்தளையே தூக்கு!"

வெளிநாட்டு விஞ்ஞானிகளே, கொஞ்சம் சீக்கிரம் முடிக்கக் கூடாதா?